கெஸ்ட்டின் டிபக் ரெஜிஸ்டரை ட்ராப் செய்கிறீர்களா? டிஆர்6-ஐ மறக்காதீர்கள்

கெஸ்ட்டுக்குள், அதாவது ஒரு மெய்நிகர் கணினிக்குள், ஓடும் லினக்ஸில் ஜிடிபி என்ற டிபக்கரைத் திறந்து ஒரு வேரியபிளுக்கு வாட்ச்பாயின்ட் (மதிப்பு மாறினால் நிறுத்தும் குறி) வைக்கிறோம். வேரியபிள் மாறியதும் புரோகிராம் நிற்கிறது. ஆனால் எந்த வாட்ச்பாயின்ட், பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்று வர வேண்டிய இடத்தில் சிக்ட்ராப் சிக்னல் வந்தது என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எங்கள் குழு எழுதிய ஹைப்பர்வைசரில், அதாவது ஹோஸ்ட் கணினியில் கெஸ்ட்களை ஓட்டும் மென்பொருளில், இந்தப் புகார் வந்தபோது இரண்டு நாள் ஜிடிபியையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம். தவறு எங்கள் கோடில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். இன்டெல் ப்ராசஸரில் டிபக் எக்செப்ஷனை ஹைப்பர்வைசர் இடைமறித்தால், என்ன நடந்தது என்று சொல்லும் டிஆர்6 ரெஜிஸ்டரை ப்ராசஸர் தொடவே தொடாது. கெஸ்ட்டிலிருந்து ஹைப்பர்வைசருக்கு வெளியேறும்போது (இதுதான் எக்ஸிட்) எந்த பிரேக்பாயின்ட் அடித்தது என்ற தகவலை எக்ஸிட் குவாலிஃபிகேஷன் என்ற ஃபீல்டில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை எடுத்து கெஸ்ட்டின் டிஆர்6-இல் எழுதிய பிறகுதான் எக்செப்ஷனை உள்ளே செலுத்த வேண்டும். நாங்கள் எழுதாமலே செலுத்திவிட்டோம். டிஆர்6-இல் எந்தக் காரணமும் இல்லாததைப் பார்த்த கெஸ்ட் லினக்ஸ், டிபக் எக்செப்ஷனைத் தானே கிளப்பும் இன்ட்1 கட்டளையை யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பொதுவான சிக்ட்ராப்பை அனுப்பியது. கெஸ்ட்டும் சரி, ஜிடிபியும் சரி, தங்களுக்குக் கிடைத்த தகவலுக்கு ஏற்றபடி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன.

ட்ராப் செய்வதை, அதாவது கெஸ்ட் டிபக் ரெஜிஸ்டரைத் தொடும்போது இடைமறிப்பதை, ஒரு காவல் வேலையாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். கெஸ்ட் தொட்டால் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். ஆனால் இடைமறித்த அந்த நொடியிலிருந்து, அந்தக் கட்டளைக்கு ப்ராசஸர் செய்திருக்க வேண்டிய எல்லா வேலையும் உங்கள் தலையில் வந்து விழுகிறது.

80386 காலத்திலிருந்தே அமைப்பு ஒன்றுதான். டிஆர்0 முதல் டிஆர்3 வரை நான்கு முகவரிகள். டிஆர்6 என்ன நடந்தது என்று சொல்லும். டிஆர்7 எதை எப்படிக் கண்காணிப்பது என்று தீர்மானிக்கும். கெஸ்ட்டின் நிலையைச் சேமித்து வைக்கும் இன்டெலின் விஎம்சிஎஸ்ஸில் இவற்றில் டிஆர்7-க்கு மட்டும்தான் இடம் உண்டு. அதற்கு இணையான ஏஎம்டியின் விஎம்சிபியில் டிஆர்6, டிஆர்7 இரண்டுக்கும் இடம் உண்டு. முகவரி ரெஜிஸ்டர் நான்கையும் சாதாரணமாக நாம்தான் மாற்றிமாற்றி ஏற்ற வேண்டும். இன்டெலில் எக்ஸிட் ஆகும்போது டிஆர்7 தானாகவே, எந்த பிரேக்பாயின்ட்டும் இயங்காத ஹெக்ஸ் 400 என்ற மதிப்புக்குத் திரும்பிவிடுவதால், கெஸ்ட் வைத்த பிரேக்பாயின்ட் ஹோஸ்டில் வந்து அடிக்காது.

இதில் நிதானமாகப் பார்க்க வேண்டியது சோதனைகளின் வரிசை. வழக்கமாக ஒரு கட்டளைக்கு அனுமதி இல்லையென்றால் ப்ராசஸர் முதலில் எக்செப்ஷனைக் கிளப்பும். எக்ஸிட் அதற்கு அப்புறம்தான். டிபக் ரெஜிஸ்டர் கட்டளைக்கு இன்டெல் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. இங்கே எக்ஸிட்தான் முந்திக்கொள்ளும். கெஸ்ட்டில் ரிங் 3-இல் (பயனர் நிலையில்) ஓடும் ஒரு சாதாரண புரோகிராம் டிஆர்7-இல் எழுத முயன்றாலும் நேராக உங்களிடம் வந்துவிடும். அது எந்த ரிங்கில் ஓடுகிறது என்று சொல்லும் சிபிஎல்லைப் பார்க்காமல் ப்ராசஸருக்குப் பதிலாக நீங்களே அந்தக் கட்டளையை எமுலேட் செய்தால், கெர்னலுக்கு மட்டுமே உரிய ரெஜிஸ்டரை கெஸ்ட்டின் எந்தப் பயனரும் மாற்றிவிடலாம். கெஸ்ட்டுக்குள் இருந்த பாதுகாப்புச் சுவரில் நீங்களே ஓட்டை போட்டதாக ஆகிவிடும். சிஆர்4 என்ற கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் டிஇ பிட் போட்டிருக்கும்போது டிஆர்4, டிஆர்5 என்று கேட்டால் இன்வேலிட் ஆப்கோட் எக்செப்ஷன் தர வேண்டும்; போடாவிட்டால் அவை டிஆர்6, டிஆர்7-க்கு மறுபெயர்கள். டிஆர்7-இல் டிபக் ரெஜிஸ்டர்களைத் தொடவிடாமல் காக்கும் ஜிடி பிட் இருந்தால், கட்டளையை ஓட்டாமல் டிஆர்6-இல் பிடி பிட்டைப் போட்டு, ஜிடியை அழித்துவிட்டு டிபக் எக்செப்ஷனைச் செலுத்த வேண்டும். 64 பிட் மோடில் டிஆர்6, டிஆர்7-இன் மேல் 32 பிட்டுகளில் ஒன்றை எழுதினாலும் ஜெனரல் புரொடெக்ஷன் எக்செப்ஷன்தான். எல்லாம் முடிந்து கட்டளையைத் தாண்டிப் போகும்போது, கெஸ்ட் சிங்கிள் ஸ்டெப்பில் (ஒவ்வொரு கட்டளைக்கும் நின்று ஓடும் முறையில்) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ட்ராப் ஆனால் வேகம் என்னாகும்? கெஸ்ட் ஒவ்வொரு கான்டெக்ஸ்ட் ஸ்விட்சிலும் (ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும்) இந்த ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்டால், கெஸ்ட்டின் நேரத்தில் 40 சதவீதம் வரை இதிலேயே போகக்கூடும் என்பது லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மின் உருவாக்குநர்கள் பதிவு செய்த விஷயம். 2014-இல் அவர்கள் கொண்டுவந்த வழி எளிமையானது. கெஸ்ட் முதல் முறை தொடும்போது மட்டும் ட்ராப் ஆகும். உடனே எல்லா டிபக் ரெஜிஸ்டர்களையும் ஹார்டுவேரில் ஏற்றி, ட்ராப்பை அணைத்து, அதே கட்டளையை மறுபடி ஓட விடுகிறார்கள். சோதனைகளை ப்ராசஸரே பார்த்துக்கொள்கிறது. அடுத்த எக்ஸிட்டில் மதிப்புகளைத் திரும்ப எடுத்துவிட்டு ட்ராப்பை மீண்டும் போடுகிறார்கள். இதை நீங்கள் பின்பற்றினால் நான்கு முகவரிகளையும் சேர்த்தே ஏற்றுங்கள். கெஸ்ட் கேட்ட ஒன்றை மட்டும் ஏற்றினால் மற்ற மூன்றில் வேறொரு கெஸ்ட்டின் முகவரிகள் அப்படியே கிடக்கும், இந்த கெஸ்ட் அவற்றைப் படித்துவிடும். ஹோஸ்டிலிருந்தே கெஸ்ட்டை டிபக் செய்யும்போது இந்தக் குறுக்குவழி கூடாது. அப்போது ஹார்டுவேர் உங்களுடையது, கெஸ்ட்டுக்கு நிழல் பிரதி மட்டும்தான்.

வேகத்துக்காக டிபக் எக்செப்ஷனை இடைமறிப்பதையே விட்டுவிடலாமா என்று புதிதாகச் சேரும் பொறியாளர்கள் கேட்பதுண்டு. விடவே கூடாது. எக்செப்ஷனை டெலிவர் செய்யும்போது எழுதப்படும் ஸ்டாக்கின் மீதே கெஸ்ட் ஒரு டேட்டா பிரேக்பாயின்ட் வைத்தால், ஒரு டெலிவரி அடுத்ததைக் கிளப்பி, அது அதற்கடுத்ததைக் கிளப்பி, ப்ராசஸர் அந்தச் சுழலை விட்டு வெளியே வராது. அந்த கோர் ஹோஸ்டின் கையை விட்டுப் போய்விடும். 2015-இல் சிவிஇ-2015-8104 என்ற பாதுகாப்புக் குறை எண்ணோடு வெளிவந்தது இந்தக் குறைதான். தீர்வு, டிபக் எக்செப்ஷனை எப்போதும் இடைமறிப்பது.

டிஆர்6 பற்றி இன்னொன்று. அதில் எல்லா பிட்டும் ஒரே திசையில் இல்லை. 16-ஆம் பிட்டான ஆர்டிஎம் தலைகீழானது. அங்கே 0 இருந்தால்தான் டிரான்சாக்ஷனல் மெமரி பகுதிக்குள் டிபக் எக்செப்ஷன் நடந்ததாக அர்த்தம். எக்ஸிட் குவாலிஃபிகேஷனில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சேர்த்தால் இங்கே பிசகும்.

அந்தப் புகாருக்குப் பிறகு இரண்டு சின்ன சோதனைகளை ஒவ்வொரு பில்டிலும் ஓட்டுகிறோம். ஒன்றில், கெஸ்ட்டின் சாதாரணப் பயனர் புரோகிராம் டிஆர்7-ஐப் படிக்க முயல்கிறது; அதற்கு செக்மென்டேஷன் ஃபால்ட் கிடைத்தே ஆக வேண்டும். மற்றதில் நான்கு வாட்ச்பாயின்ட் வைத்து நான்கையும் மாற்றிமாற்றி அடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் டிஆர்6-இல் சரியான பிட் மட்டும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பில்ட் வெளியே போகாது.