கிரகணம் பாத்த கண் நோகாது, அதுதான் பிரச்சினை

2019 டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். காலமை ஒன்பதரை போல யாழ்ப்பாணத்தில சூரியன் காப்பு மாதிரி வளையமா நிண்டது கனபேருக்கு ஞாபகம் இருக்கும். மூண்டு நாள் கழிச்சு ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தா. பெடியனுக்குப் பதினாலு வயசிருக்கும். "டொக்டர், வாசிக்கேக்க எழுத்து மறையுதாம், போனைப் பாத்துத்தான் எண்டு நல்லாப் பேசிப்போட்டன்" எண்டா. (நான் டொக்டர் இல்லை, கண் பரிசோதிக்கிற ஆள், சொன்னாலும் ஆர் கேக்கினம்.) நடுப்பார்வை சோதிக்கிற, கட்டம் போட்ட ஆம்ஸ்லர் தாளைக் குடுத்து நடுப்புள்ளியைப் பாரப்பன் எண்டன்.

"புள்ளி எங்க டொக்டர்?"

விசாரிச்சா, ஆள் பழைய எக்ஸ்ரே படத்தைப் பிடிச்சுக்கொண்டு கிரகணம் பாத்திருக்கிறார். நோகேல்லையோ எண்டு கேட்டன், இல்லையாம். நோகாதுதான், விழித்திரையில நோவை உணருற நரம்பே இல்லை. நெருப்புப் பட்டா கையை இழுப்பம், இதில அப்பிடி இழுக்க ஒண்டும் தெரியாது, சில மணித்தியாலம் போகத்தான் பாக்கிற இடமெல்லாம் நடுவில ஒரு கறுத்தப் பொட்டு நிக்கும். சூடுதான் காரணம் எண்டு நினைக்கிறம், ஆனா கூடுதலாப் பழுதாக்கிறது நீல வெளிச்சத்தால வாற இரசாயன மாற்றம்.

உண்மையா இந்தக் காப்பே ஒரு தற்செயல். சூரியன் குறுக்களவில சந்திரனை விட 400 மடங்கு பெரிசு, தூரமும் கிட்டத்தட்ட 400 மடங்கு, அதால ரெண்டும் வானத்தில ஒரே அளவாத் தெரியுது. சந்திரன் தன்ர பாதையில தூரமான இடத்தில நிண்டா கொஞ்சம் சின்னனாத் தெரியும், மூடி காணாது, விளிம்பு மிஞ்சும். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு அடுத்த நாள், எங்களுக்கு வந்ததும் இதேதான், பத்து நிமிசத்துக்குக் கிட்ட நிண்டது. இந்து சமுத்திரத்தில ஒரு இடத்தில 11 நிமிசம் 8 செக்கன், அதை விட நீளமான வளையம் இனி 3043இலதான். ஒரு ஊருக்கு இருநூறு வருசத்துக்கு ஒருக்கா எண்டது சராசரி, எங்களுக்குப் பத்து வருசத்துக்குள்ள ரெண்டு!

ஆனா வளையக் கிரகணத்தில வெறுங்கண்ணால பாக்க ஒரு செக்கன் கூட இல்லை. எக்ஸ்ரே, புகை பிடிச்ச கண்ணாடி, சிடி, கூலிங் கிளாஸ் ஒண்டும் சரிவராது. மஞ்சள் கரைச்ச தண்ணியில பாக்கிறதும் அப்பிடித்தான், அதில தெறிக்கிற கொஞ்ச வெளிச்சமே கண்ணுக்குக் கூட. வெல்டிங் கண்ணாடி எண்டா 14ஆம் நம்பர் வேணும், கடையளில வழமையாப் பாவிக்கிறது 10, 11. கிரகணக் கண்ணாடி வாங்கினா சூரியன் பாக்கிற கண்ணாடிக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 12312-2 எண்டு இருக்கோ பாருங்கோ, கீறல் விழுந்திருந்தா எறியுங்கோ.

பெடியனுக்கு மருந்து ஒண்டும் குடுக்கேல்ல, குடுக்க உறுதியான மருந்தும் இல்லை. ஆறு மாசத்தில பார்வை முக்கால்வாசி திரும்பிச்சு, ஆனா சின்ன எழுத்தில இப்பவும் ஒண்டு தப்புதாம்.

2027 ஆகஸ்ட் 2இல எங்களுக்குத் தெரியிற அடுத்தது வருது, எகிப்து லக்சரில 6 நிமிசத்துக்கு மேல முழுசா மறையும், எங்களுக்குப் பின்னேரம் ஒரு பகுதிதான். பகுதி எண்டாலும் கண்ணுக்கு அதே கதைதான்.

2010இல எங்கட அம்மம்மா கிரகணம் முடியுமட்டும் குசினியை விட்டு வெளிக்கிடேல்ல. கிடுகுக் கூரை ஓட்டையளால வாற வெளிச்சம் நிலத்தில வட்டமா விழுமெல்லே, அது ஒவ்வொண்டும் சூரியன்ர படம்தான், அண்டைக்கு அவவின்ர அடுப்படி முழுக்கச் சின்னச் சின்னக் காப்பு. நாங்கள் முத்தத்தில கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிண்டம், அவ குனிஞ்சு பாத்துக்கொண்டிருந்தா.