பாட்டு அவன்கிட்ட இருக்குன்னு வாய மூடிக்கிட்டு இருக்காதீங்க

போன மாசம் வியாசர்பாடில இருந்து ஒரு பொண்ணு, அம்மாவயும் கூட்டிக்கிட்டு தண்டையார்பேட்டைல இருக்கற என் ஆபீசுக்கு வந்தா. கானா எழுதி, மெட்டு போட்டு, தானே பாடறவ. (அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், அடையாளம் எல்லாம் மாத்தியாச்சு.) சின்ன ஸ்டுடியோ, ஓனரோட சேத்து மூணே பேரு, ராத்திரி பத்து மணிக்கு மேல "டேக் சரியில்ல, தனியா வா"ன்னு ஓனர் கூப்பிட்டிருக்கான், போனா கையப் புடிச்சிருக்கான், இவ உதறிட்டு ஓடி வந்துட்டா. அடுத்த வாரமே பாட்டு யூடியூப்ல வந்துடுச்சு, இவ பேரு எங்கயுமே இல்ல.

"ஏம்மா உடனே வரல?"ன்னேன்.

"பாட்டு அவன்கிட்ட மாட்டிக்கினு இருக்குதேக்கா."

வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோடு துணிக்கடைங்களுக்கு டிசைன் வரையற பொண்ணுங்களும் இதையேதான் சொல்றாங்க. உழைப்ப புடிச்சு வச்சுக்கிட்டு வாய அடைக்கறாங்க, எனக்கு வயிறு எரியுது.

அவ அங்க சம்பளத்துக்கு இல்ல, எதுலயும் கையெழுத்து போடல. ரெக்கார்டிங் அவனோடதா இருக்கலாம், ஆனா வரியும் மெட்டும் இவளோடது. 1957 பதிப்புரிமைச் சட்டம், அதாங்க காப்பிரைட், அதுல 19வது பிரிவுப்படி எழுதி கையெழுத்து போட்டாத்தான் ரைட்ஸ் கைமாறும், எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்தான். எழுதியே குடுத்திருந்தாலும் "இது நான் எழுதுனது"ன்னு சொல்ற உரிமை 57வது பிரிவுல அப்படியே நிக்கும்.

ஆதாரம் கேட்டேன், போன எடுத்தா. டேபிள்ல தட்டிக்கிட்டே மெட்டு பாடி தோழிக்கு அனுப்புன வாட்ஸ்அப் வாய்ஸ், நடுவுல குக்கர் விசில், "அடுப்ப அணைடி"ன்னு அம்மா குரல். ஸ்டுடியோவுக்குப் போறதுக்கு ரெண்டு மாசம் முந்தின தேதி! அத அழிக்காதம்மான்னு சொல்லி அப்பவே காப்பி எடுத்து வச்சேன்.

கையப் புடிச்ச விஷயத்துக்கு, வேலை செய்யற இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்கற பாலியல் தொல்லையத் தடுக்கற 2013 சட்டம் இருக்கு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடம்னா உள்ளயே புகார் குழு போட்டிருக்கணும். அதுக்கு கம்மியா இருந்தாலோ, ஓனரே தப்பு பண்ணினாலோ மாவட்ட அளவுல உள்ளூர் புகார் குழு உண்டு, நம்ம ஆளுங்களுக்கு இது தெரியறதே இல்ல. சென்னைன்னா ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல போய் கேளுங்க, எழுத வராதவங்களுக்கு எழுத உதவி பண்றதும் குழுவோட கடமை. நடந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள குடுத்துடணும், தக்க காரணம் இருந்தா இன்னும் 3 மாசம் வரைக்கும் குழு நீட்டிக்கலாம். அத நம்பி இருக்காதீங்க.

இவளுக்கு எண்ணிப் பாத்தா 9 நாள்தான் பாக்கி. பேப்பர எடுத்துக் குடுத்தேன், அம்மா பக்கத்துல உக்காந்து முதுகத் தடவிக்கிட்டே இருக்க, பாட்டு எழுதற அதே குண்டு குண்டு எழுத்துல முதல்ல தேதியப் போட்டா.