பேப்பர் இருக்கு டாக்டர்!

இரவு பதினொன்றரைக்கு ஒரு துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொமரேனியன் பெண் நாய், எடை 1.7 கிலோ, முதல் ஈத்து. மாலையிலிருந்து முக்கிக்கொண்டே இருக்கிறாளாம். கரும்பச்சைக் கசிவு வேறு. வயிற்றைத் திறந்துதான் எடுத்தோம். இடுப்பெலும்பில் தலை மாட்டிய முதல் குட்டி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பின்னால் இருந்த இரண்டு பிழைத்தன. "இவ்வளவு சின்ன உடம்பை ஏன் இணை சேர்த்தீர்கள்?" என்று கேட்டேன். "பேப்பர் இருக்கு டாக்டர், சுத்தமான பிரீட்" என்றார் உரிமையாளர்.

இந்த மாதத்தில் இதே பதில் எனக்கு நான்காவது முறை.

பேப்பர் என்பது நாயின் அப்பா யார், அம்மா யார், தாத்தா பாட்டி யார் என்ற வம்சாவளிப் பட்டியல். அந்த அப்பாவின் இதயம் எப்படி, அம்மாவின் முட்டி எப்படி, பாட்டிக்குக் கடைசிவரை கண் தெரிந்ததா என்றெல்லாம் அந்தப் பட்டியல் சொல்லாது. பிறப்புச் சான்றிதழைக் காட்டி எனக்குச் சர்க்கரை இல்லை என்று யாராவது வாதாடுவார்களா? நாய் விஷயத்தில் மட்டும் வாதாடுகிறார்கள், படித்தவர்களே.

சரி, அந்தப் பேப்பரைத்தான் காட்டுங்களேன் என்றேன். போனில் படம் இருந்தது. இணைக்கு விட்ட ஆணின் பேப்பரும் இருந்தது. இரண்டிலும் தகப்பன் இடத்தில் ஒரே பெயர்! அம்மாதான் வேறு. ஒரு குட்டியின் எந்த மரபணுவை எடுத்தாலும் அதன் இரண்டு பிரதிகளும் அந்த ஒரே தாத்தாவின் ஒரே பிரதியின் நகலாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அப்பாவும் மகளும், கூடப்பிறந்த அண்ணனும் தங்கையும் என்றால் நான்கில் ஒன்று. அத்தகைய இணையில் பிறந்த குட்டிகளைப் பிரிட்டனில் நாய்களின் வம்சாவளியைப் பதியும் கென்னல் கிளப் 2009-லிருந்து பதிவு செய்வதில்லை. பேப்பரால் உருப்படியான உபயோகம் ஒன்று உண்டென்றால், இணை சேர்க்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான். அதை மட்டும் யாரும் செய்வதில்லை.

தையல் முடிந்ததும் பின்னங்காலைத் தடவிப் பார்த்தேன். கட்டைவிரலால் லேசாகத் தள்ளியதும் முழங்கால் சில்லு டக்கென்று உள்பக்கம் விலகி அங்கேயே நின்றது. சில்லு விலகலின் தீவிரத்தை நான்கு கிரேடாகப் பிரிப்போம், இது இரண்டாவது. "ஓடும்போது நடுவில் ஒரு காலைத் தூக்கி நாலு எட்டு துள்ளுவாள் டாக்டர், அது அவள் ஸ்டைல்" என்றார். ஸ்டைல் இல்லை ஐயா, சில்லு விலகுகிறது. வயிற்றில் குட்டி வருவதற்கு முன்பு ஒரே ஒரு தடவை காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

அப்புறம் டீக்கோப்பைக்குள் அடங்குகிற மாதிரி குட்டியூண்டு நாய் வேண்டும் என்கிற இந்த 'டீகப்' மோகம். அப்படி ஒரு இனமே கிடையாது. ஈத்திலேயே நோஞ்சானாகப் பிறந்ததை இன்னொரு நோஞ்சானோடு சேர்த்துக் கிடைப்பது அது. உச்சி மூடாத மண்டை, ஒரு வேளை பால் தவறினாலே இறங்கிவிடும் சர்க்கரை, இரண்டு வரிசைப் பற்கள் என்று எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேர்கின்றன.

குட்டி எடுத்தே ஆகவேண்டும் என்றால் இதைக் கேளுங்கள். முதல் ஹீட்டில், அதாவது பெண் நாய் முதன்முதலாக இணைக்குத் தயாராகும் பருவத்தில், வேண்டவே வேண்டாம். குட்டி போட்டால்தான் பெண் நாய்க்கு ஆரோக்கியம் என்பது வெறும் கதை. முட்டி, இதயம், கண் மூன்றையும் ஆண், பெண் இரண்டுக்கும் பாருங்கள். கவாலியர் இன நாய் என்றால் இதயத்தை ஒவ்வொரு வருடமும் பார்க்க வேண்டும். மெர்ல் என்கிற திட்டுத்திட்டான நிறத்தை மெர்லோடு சேர்க்காதீர்கள், செவிடும் குருடுமாகக் குட்டிகள் பிறக்கலாம். 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுங்கள், எத்தனை குட்டி, தலை எவ்வளவு பெரிது என்று தெரியும். சினையில் கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஊற்றுகிறீர்கள், பால் கொடுக்கும்போது வலிப்பாகத் திரும்பி வருகிறது. அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லையென்றால் கிளம்பி வாருங்கள். போனில் வீடியோ அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், நானும் தூங்குவேன்.

தாயும் இரண்டு குட்டிகளும் இப்போது நலம். நேற்று தையல் பிரிக்க வந்தபோது, அடுத்த ஹீட்டில் வேறு ஆணைப் பார்க்கலாமா என்று கேட்டார். கருத்தடைக்குத் தேதி எழுதிக் கொடுத்தேன். அடுத்த மூன்று வாரத்துக்குள் அந்த வலிப்பின் அறிகுறியாக அவள் மூச்சிரைத்தாலோ, நடுங்கினாலோ, விறைத்தாலோ விடியட்டும் என்று இருக்க வேண்டாம், குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு அந்த நேரமே தூக்கி வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். எட்டு வாரம் முடியாமல் குட்டிகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுக்கும்போது அம்மாவின் முட்டி பற்றி வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும். தலையாட்டினார்.