முழுக்கு ஞானஸ்நானம்: முழுக்குன்னா முக்கித்தான் எடுக்கணுமா?

கோத்தகிரில பக்கத்து வீட்டு அத்தை கேட்டாங்க, "தம்பி, எனக்குக் குழந்தையிலயே சிஎஸ்ஐ கோயில்ல ஞானஸ்நானம் கொடுத்துட்டாங்க, இப்ப பாப்டிஸ்ட் பாஸ்டர் மறுபடி எடுக்கணும்ங்கிறாரே, ஏன்?" அவங்க பேச்சுலயே பதில் இருக்கு பாருங்க, பிள்ளைக்குக் கொடுப்பாங்க, பெரியவங்க எடுப்பாங்க. பாப்டிஸ்ட்காரங்களுக்கு எடுக்கிறது மட்டும்தான் ஞானஸ்நானம், அதாவது ஒரு ஆள் தானா விசுவாசிச்சு, சபை முன்னாடி சாட்சி சொல்லி, முழுசா தண்ணிக்குள்ள முங்கி எழுந்திரிக்கணும். அதனால அவங்க கணக்குல இது மறுபடி இல்ல, முதல் தடவை.

கிரேக்கத்துல 'பாப்டிஸோ'ன்னா முக்குறது, அமிழ்த்துறது, அதோட வேரான 'பாப்டோ' துணியைச் சாயத்துல முக்குறதுக்கும் வரும். நம்ம ஞானஸ்நானம் வடமொழி, ஞானக் குளியல்னு வச்சுக்கலாம், ஆனா சொம்புல மொண்டு ஊத்திக்கிட்டாலும் குளியல்தானே, முக்குறது அந்தச் சொல்லுக்குள்ள இல்ல. வங்காளத்துல மிஷனரி வில்லியம் கேரி வழி வந்த பாப்டிஸ்ட்டுங்க பைபிள்லயே முக்குறதுங்கிற சொல்லைப் போட்டுட்டாங்க, 1830கள்ல பைபிள் சொசைட்டி அதுக்குப் பணம் தரமாட்டேன்னுடுச்சு, கடைசில 1840ல தனி மொழிபெயர்ப்புச் சங்கமே ஆரம்பிச்சாங்க. ஒரு சொல்லுக்கு!

தமிழ்ச் சொல் 'திருமுழுக்கு'. இதுல வேடிக்கை என்னன்னா, அதை அதிகம் சொல்ற கத்தோலிக்கர் பெரும்பாலும் தலையிலதான் ஊத்துறாங்க, நிஜமா முக்குறவங்க ஞானஸ்நானம்னே சொல்லி முன்னாடி ஒரு 'முழுக்கு' சேர்த்துக்கிறாங்க. அதுக்காக கத்தோலிக்கர் சொல்றது தப்புன்னு சொல்லமாட்டேன், குடமுழுக்குல கலசத்து மேல ஊத்தத்தானே செய்றோம். (1609ல ஆம்ஸ்டர்டாம்ல முதல் பாப்டிஸ்ட் சபையை ஆரம்பிச்ச ஜான் ஸ்மித்தும் ஊத்திக்கிட்டவர்தான், முக்கணும்னு லண்டன் சபைகள் எழுதி வச்சது 1644ல.)

எனக்குப் பிடிச்சது 'தலைமுழுகுறது'. ஒருத்தனைத் தலைமுழுகிட்டேன்னா உறவு முடிஞ்சுதுன்னு அர்த்தம். பைபிள்ல ரோமர் 6ம் அதிகாரத்துல அப்போஸ்தலர் பவுல் சொல்றதும் கிட்டத்தட்ட அதான், பழைய ஆள் செத்து அடக்கமாகி, புது ஆளா எழுந்திரிக்கிறது. தண்ணி பாவத்தைக் கழுவுதுன்னு பாப்டிஸ்ட் சொல்றதில்ல, உள்ள நடந்து முடிஞ்சதுக்கு அது வெளி அடையாளம்.

அத்தைக்கு இதெல்லாம் புரிஞ்சிடுச்சு, ஜனவரி உறைபனிதான் பயம். மேட்டுப்பாளையம் இறங்கி பவானில எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்காங்க, பாஸ்டர் தொட்டியில நாலு அண்டா வெந்நீர் கலந்து தர்றேன்னுட்டாராம்.