பிடிஎஃப்பில் ஒட்டிய நோட்டரி முத்திரை செல்லுமா?

சென்ற ஆடி மாதம், குன்னூரில் மூன்று நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் நான்கு பக்கப் பிரிண்ட் அவுட்டுடன் என் வக்கீல் அலுவலகத்திற்கு வந்தார். பெங்களூருவில் வேலை பார்க்கும் அவருடைய மகன், தன் பெயரில் உள்ள ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை விற்கும் அதிகாரத்தைத் தந்தைக்கு அளித்து எழுதிய பவர் பத்திரம் அது. வீடியோ அழைப்பிலேயே நோட்டரி செய்து தருவதாக விளம்பரப்படுத்திய ஓர் இணையதளத்தில் பணம் கட்டி, அரைமணி நேரத்தில் அதைப் பெற்றிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் வட்ட முத்திரையும் கையொப்பமும் துலக்கமாகவே இருந்தன. "இத வச்சுப் பத்திரம் பதியலாங்களா, சார்?" என்று கேட்டார்.

பதிய இயலாது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரம், வெளிநாட்டில் எழுதப்பட்டதாக இருந்தாலொழிய, கட்டாயம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவிற்குள் வசிப்பவர் தாம் குடியிருக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதிக்கொடுப்பதே பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காட்டும் வழி. நோட்டரி நேரில் பார்த்துச் சான்றொப்பமிட்டிருந்தாலும் இவருடைய வேலை முடிந்திருக்காது. போதாக்குறைக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் முதல் அட்டவணையில் பவர் பத்திரத்தையும் உயிலையும் டிரஸ்ட் பத்திரத்தையும் மின்னணு ஆவணமாக ஏற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறது. 2022இல் வந்த திருத்தம், ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையை மேற்பார்வையிடும் செபி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு அளிக்கும் பவருக்கு மட்டும் விலக்குத் தந்தது. தந்தைக்கு மகன் எழுதிக்கொடுப்பது அதில் சேராது.

இவை சட்டத்தின் தடைகள். அந்தக் கோப்பைப் பெரியவரின் செல்போனிலிருந்து என் கணினிக்கு மாற்றித் திறந்தபோது, அதில் டிஜிட்டல் கையொப்பமே இல்லை என்பதும் தெரிந்தது. எங்கோ ஸ்கேன் செய்த முத்திரையின் படத்தைப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அதே படத்தை யாரும் வெட்டி நாளை வேறு பத்திரத்தில் ஒட்டலாம்.

உண்மையான டிஜிட்டல் கையொப்பம் கண்ணுக்குத் தெரியும் படத்தில் இருப்பதில்லை. கோப்பு முழுவதும் கணக்கீட்டின் மூலம் 256 பிட் நீளமுள்ள ஒரு சுருக்கமாக மாற்றப்பட்டு, அச்சுருக்கம் கையொப்பமிடுபவரின் ரகசியச் சாவியால் (அவரிடம் மட்டும் இருக்க வேண்டிய ஒரு நீண்ட எண்) பூட்டப்படுகிறது; பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சுருக்கம் பொருந்தாமல் போய், மென்பொருள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சாவி இன்னாருடையது என்று உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் சொல்வதே டிஜிட்டல் சான்றிதழ். அந்நிறுவனத்திற்கு மத்திய அரசின் கட்டுப்பாட்டு அதிகாரி பொறுப்பாகிறார். ஆகவே கையொப்பப் பகுதியைத் திறந்து, யாருடைய பெயர், எந்த நேரம், பின்னர் மாற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் உடனே போலி என்று முடிவு செய்ய வேண்டாம். பல வேளைகளில் இச்சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான இந்திய மூலச் சான்றிதழை உங்கள் கணினி இன்னும் அறியவில்லை என்பதே அதன் பொருள். இ-சேவை மையத்தில் வாங்கும் வருமானச் சான்றிதழிலும் வருவாய்த் துறை அதிகாரியின் கையொப்பம் கோப்பில்தான் இருக்கிறது. பிரிண்ட் எடுத்த தாளில் அது இராது என்பதால், கோப்பை அழித்துவிடாதீர்கள்.

மின்னணு முத்திரை என்ற சொல்லையும் வணிகர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நிறுவனத்தின் பெயரால் இடப்படும் அத்தகைய முத்திரைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை இடமளிக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2012 முதல் இணையவழி நோட்டரியை அனுமதிக்கிறது. நம்முடைய 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகளோ 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையையும் கையால் நிரப்பும் பதிவேட்டையுமே அறியும். (எங்கள் ஊர் மூடுபனியில் அந்தப் பதிவேட்டின் தாள்கள் அப்பளம்போல் நெளிந்துவிடுவது வேறு கதை.) எனவே சந்தேகம் வந்தால், பத்திரத்தில் உள்ள பதிவேட்டு எண்ணைச் சொல்லி அந்த நோட்டரியிடமே கேளுங்கள். பெரியவரின் பத்திரத்தில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

உண்மையான சான்றிதழ் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு இன்னும் கவலை தருகிறது. கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை நடத்தும் குடும்ப நிறுவனம் ஒன்றின் இயக்குநர், ரகசியச் சாவி இருக்கும், பென்டிரைவ் போன்ற தமது டோக்கனைக் கணக்கு எழுதுபவரிடம் கொடுத்து, மறந்துவிடுமே என்று அதன் உறையிலேயே பின் (PIN) எண்ணையும் எழுதி வைத்திருந்தார். அவர் பார்த்தேயிராத ஒரு படிவம், அவருடைய கையொப்பத்துடன் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கலானது. பிறருடைய மின்னணுக் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்துபவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பது உண்மை. ஆனால் சாவியைக் கவனமாகக் காக்கும் கடமையை அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு உரியவர் மீதே வைக்கிறது. சாவி கைமாறியதைச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திற்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பும் அவருடையதே. கையொப்பம் என்னுடையதுதான், ஆனால் இட்டது நானில்லை என்று நிரூபிக்க அவர் இன்றும் அலைந்துகொண்டிருக்கிறார்.

டோக்கன் தொலைந்தாலோ பிறர் கைக்குப் போனாலோ, வக்கீலைத் தேடி வருவதற்கு முன்பே, சான்றிதழை ரத்து செய்யக் கோரி வழங்கிய நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மஞ்சூர்ப் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் போய்விடும் என்பதால், அந்த முகவரியை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், ஊட்டியிலோ குன்னூரிலோ இருக்கும் உறவினர் மூலமாகவேனும் அன்றைக்கே தெரிவித்துவிடலாம்.