அட்சார்ப்ஷன்: புறத்துறிஞ்சல்

கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாயான கார்பன் நானோகுழாய் நச்சு வாயுவை 'உறிஞ்சுகிறது' என்று எழுதுவது எளிது. ஆனால் உறிஞ்சுதல் என்றால் உள்ளே இழுத்துக்கொள்வது. நானோகுழாயில் நடப்பது வேறு: வாயு மூலக்கூறு அதன் மேற்பரப்பில் வந்து தங்குகிறது. வேதியியலில் இதன் பெயர் அட்சார்ப்ஷன்.

இலத்தீனில் 'சோர்பேரே' என்றால் உறிஞ்சுவது. 'அப்' என்னும் முன்னொட்டோடு அமைந்த அப்சார்ப்ஷன் பழைய சொல். பஞ்சு நீரைக் குடிப்பது அந்த வகை. வாயுக்கள் திண்மப் பரப்புகளில் படிவதை ஆராய்ந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசருக்கு இந்தச் சொல் பொருத்தமாகப் படவில்லை. உடலியங்கியல் அறிஞர் எமில் டு புவா-ரேமோன் தந்த யோசனைப்படி, 1881இல் 'மேல், நோக்கி' எனப் பொருள்படும் 'அட்' முன்னொட்டை இட்டுப் புதுச்சொல்லை வழங்கினார். நிகழ்வு மட்டும் அதற்கு நூறாண்டு முன்பே தெரிந்திருந்தது. கரி வாயுக்களைப் பிடித்துவைப்பதை சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1773இல் கண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இதைப் 'பரப்புக் கவர்ச்சி' என்கிறார்கள். இலங்கைத் தமிழில் 'புறத்துறிஞ்சல்', அப்சார்ப்ஷனுக்கு 'அகத்துறிஞ்சல்'. இலங்கைச் சொற்களே சிறந்தவை என்பது என் உறுதியான எண்ணம். 'கவர்ச்சி' ஏற்கெனவே பல பொருள்களைச் சுமக்கிறது. பரப்பு கவர்கிறதா, கவரப்படுகிறதா என்ற ஐயமும் எழும். அகமும் புறமும் சங்கப் பாடல் படித்த எவருக்கும் பழகிய இணை. ஒன்றைக் கேட்டதும் மற்றது நினைவுக்கு வரும், இரண்டும் குழம்பாது.

எல்லாம் பரப்பில் நடப்பதால், பரப்பு எவ்வளவு என்பதே முதல் கேள்வி. கொட்டாங்குச்சியிலிருந்து செய்யும் கிளர்வூட்டிய கரியின் ஒரு கிராமில், நுண்துளைச் சுவர்களையெல்லாம் சேர்த்தால், ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனுக்குக் கோட்பாட்டு அளவில் 2,630 சதுர மீட்டர். ஒற்றைச் சுவர் நானோகுழாயில் உள்ளே மறைந்த அணு என்று ஒன்றும் இல்லை. எல்லாமே பரப்பில்தான் நிற்கின்றன. ஆகவே மேலே வந்து அமரும் சில மூலக்கூறுகளும் குழாயின் மின்கடத்தலை மாற்றிவிடும். 2000ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹோங்ஜி டாய் குழுவினர் இதைச் செய்து காட்டினர். நைட்ரஜன் டைஆக்சைடு குழாயிலிருந்து எலக்ட்ரானை இழுத்துக்கொள்ள மின்கடத்தல் கூடியது. அம்மோனியா பட்டபோது குறைந்தது. வெறும் குழாய்க்கு எல்லா வாயுக்களையும் பிரித்தறியத் தெரியாது. குறிப்பிட்ட நஞ்சை மட்டும் இனங்காண, அதன் மேல் பாலிமர் போன்ற பூச்சு தேவைப்படுகிறது.

கண்டறிவதோடு வேலை முடியவில்லை, நஞ்சை முறிக்கவும் வேண்டும். இங்கேதான் சொல்லின் இரு கிளைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூலக்கூறுகளுக்கிடையே இயங்கும் வலுக்குறைந்த ஈர்ப்பான வான்டர் வால்சு விசையால் மட்டும் ஒட்டியிருந்தால் அது இயற்பியல் புறத்துறிஞ்சல். நஞ்சு பிடிபட்டிருக்கிறது, ஆனால் மாறவில்லை. பரப்போடு வேதிப்பிணைப்பு உண்டானால் வேதிப் புறத்துறிஞ்சல். ஹைட்ரஜன் சயனைடு போன்ற எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளை வெறும் கரியால் இறுக்கிப் பிடிக்க முடியாது. அதனால் படைவீரர்களின் முகமூடிக் கரியில் செம்பு, வெள்ளி முதலிய உலோகச் சேர்மங்களை ஏற்றுகிறார்கள். நஞ்சை வினைக்குள்ளாக்கி அழிப்பவை அவை. மருத்துவமனையில் விஷம் குடித்தவருக்குக் கொடுக்கும் கரிக்கும் இத்தகைய எல்லை உண்டு: இரும்பு, லித்தியம், ஆல்கஹால் ஆகியவற்றை அது போதிய அளவு பிடிக்காது.

இந்த வேரிலிருந்து மற்ற சொற்களும் தடையின்றி வருகின்றன. பிடிக்கும் பொருள் 'புறத்துறிஞ்சி'. பிடிபட்டது பரப்பை விட்டு நீங்கும் டிசார்ப்ஷனை 'புறவிடுப்பு' எனலாம். வாயுவைக் கண்டறியும் கருவியான நானோகுழாய் உணரியைச் சூடாக்குவது இதற்காகத்தான்: ஒட்டிய மூலக்கூறுகள் விலகினால்தான் அதே உணரி அடுத்த அளவீட்டுக்குப் பயன்படும்.