குரோமோலி பைப்: எடை குறைவது உலோகத்தால் அல்ல, கணக்கால்

பாஹா என்னும் கரடுமுரடான பாதைப் பந்தயத்துக்கு வண்டி கட்டும் பொறியியல் கல்லூரிக் குழுக்களில் வருடாவருடம் அடிபடும் பேச்சு: "4130 வாங்கிட்டா வெயிட் தானா குறைஞ்சிடும்." குறையாது. 4130 என்பது குரோமோலியின், அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உருக்கின் எண். ஒரே அளவில் ஒரு எம்.எஸ். (சாதாரண மென் உருக்கு) பைப்பையும் ஒரு குரோமோலி பைப்பையும் எடை போட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். அடர்த்தி இரண்டுக்குமே கன செ.மீ.க்கு 7.85 கிராம். விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே. 0.28–0.33% கார்பன், 0.8–1.1% குரோமியம், 0.15–0.25% மாலிப்டினம் சேர்ந்து கூட்டித் தருவது வலிமையை மட்டும்தான்.

அந்த வலிமையை எடைக் குறைப்பாக மாற்றுவது நம் வேலை. பாஹா விதியில் பழகிய அடிப்படை அளவு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர்; மீட்டருக்கு 1.63 கிலோ. விட்டத்தை மாற்றாமல் சுவரை மட்டும் 1.65 ஆக்கினால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எந்தக் கலப்பு உருக்கும் அதைத் திருப்பித் தராது. விட்டத்தை 31.75 ஆக்கி, சுவரை 1.65 வைத்தால் எடை மீட்டருக்கு 1.22 கிலோ, அதாவது கால் பங்கு மிச்சம். விறைப்போ 39% கூடுகிறது. சைக்கிள் பிரேம்காரர்கள் ஒரு படி மேலே போகிறார்கள்: வெல்டிங் வரும் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. இப்படி முனை தடித்த பைப்புக்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டது.

வாங்கும்போது ஹீட் நம்பர் (உருக்கு உருக்கிய தொகுதியின் எண்) உள்ள மில் சான்றிதழைக் கேளுங்கள். அந்த எண் பைப்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் இரண்டிலும்தான் ஒட்டும், அதை நம்ப வேண்டாம். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கன் குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் சொல்லும், கார்பனைச் சொல்லாது. பாஹா விதி கேட்பதோ குறைந்தது 0.18% கார்பன். ஆகவே ஒரு துண்டு வெட்டி, கார்பனையும் சொல்லும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

நல்ல பைப் கெடுவது பெரும்பாலும் வெல்டிங் மேஜையில்தான். பைப் முனையில் நாட்ச் (வளைவு) வெட்டிப் பொருத்திய இடத்தில் ஹேக்ஸா பிளேடு நுழைகிற இடைவெளி இருந்தால்கூட மறுபடி ராவுங்கள். மெல்லிய சுவரில் இடைவெளியை ஃபில்லர் கம்பியால் அடைக்கப் போனால் ஓட்டை விழும். விளிம்பிலிருந்து 25 மி.மீ. தூரத்துக்கு, உள்ளும் புறமும் கருப்புத் தோல் போகத் தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் கூடவே கூடாது. ஆர்க் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்னும் உயிர்கொல்லி வாயுவாகும்.

1.65 மி.மீ. சுவருக்கு டிக் வெல்டிங் மெஷினில் 60–70 ஆம்பியர் போதும். ஃபில்லர் இஆர்70எஸ்-2 அல்லது இஆர்80எஸ்-டி2. "பைப் 4130, கம்பியும் 4130" என்று போகாதீர்கள். அந்தக் கம்பி பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் வேலைக்கானது. ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாவிட்டால் தையல் (வெல்டிங் கோடு) விரிசல் விடலாம். இரு முனையும் அடைபடும் பைப்பில் ஒரு சிறு துளை போட்டு வையுங்கள். இல்லையென்றால் உள்ளே சூடேறும் காற்று கடைசி அங்குலத்தில் உருகிய உலோகத்தை ஊதித் தள்ளும்.

இனிதான் முக்கியமானது. அடுத்த டேக்குக்கு (பொட்டு வெல்டுக்கு) அவசரப்பட்டு ஈரத்துணி போடுவது, கம்ப்ரசர் காற்று அடிப்பது, பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி விடுவது மூன்றும் ஒரே தப்புதான். எம்.எஸ். பொறுத்துக்கொள்ளும், 4130 பொறுக்காது. சட்டென்று குளிர்ந்தால் தையலை ஒட்டிய பட்டை மார்ட்டென்சைட் என்னும் கடின அமைப்பாக இறுகி, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால்தான் விரிசல் தையலின் நடுவில் வராமல் ஓரத்தில் முடியிழைபோல் கிளம்புகிறது. காற்று நேராக வீசாத இடத்தில் தானாக ஆற விடுங்கள். இந்த மெல்லிய சுவருக்கு முன்சூடு பொதுவாகத் தேவையில்லை.

பெயின்ட்டுக்கு முன் தையலை கிரைண்டரால் மழமழவென்று ஆக்கும் ஆசையும் வேண்டாம். 1.65-இல் 0.3 மி.மீ. சக்கரம் தின்றால் சுவரில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று, அதுவும் விரிசல் கிளம்பும் அதே ஓரத்தில்.